அழலன்னா துக்கம் இல்லன்னு யார் சொன்னா?

தாத்தா செத்துப்போன வீட்ல புள்ள அஞ்சு நிமிஷம் விக்கி விக்கி அழும், அடுத்த நிமிஷம் பந்த எடுத்துட்டு ஓடும், உடனே "இதுக்கு என்ன தெரியும்"னு பெரியவங்க முடிவு பண்ணிடறாங்க. தெரியாம இல்லங்க, அவ்ளோ துக்கத்த ஒரேயடியா தாங்க முடியாது, அதான் விட்டு விட்டு வருது. 5 வயசுக்குள்ள இருக்கற புள்ளைங்களுக்கு செத்தவங்க திரும்ப வரமாட்டாங்கங்கறதே பெரும்பாலும் பிடிபடாது, "தாத்தா எப்ப வருவாரு"ன்னு திரும்ப திரும்ப கேக்கும், நாமளும் திரும்ப திரும்ப சொல்லத்தான் வேணும். ஆனா "தூங்கிட்டாரு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அப்புறம் ராத்திரி கண்ண மூடவே பயப்படும் (அம்மா அசந்து தூங்கினா கூட தட்டி எழுப்பும்). கொஞ்சம் வளந்ததுங்க "நான் சண்ட போட்டதாலதான் போய்ட்டாரோ"ன்னு உள்ளுக்குள்ளயே வச்சு புழுங்கும், வெளிய வயித்துவலின்னு வரும், எப்பவோ நின்னுபோன படுக்கைய நனைக்கற பழக்கம் திரும்ப வரும். அதுக்குப் போய் புள்ளைய அதட்டறவங்கள பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வருது.