டி.என். என்கிற இரண்டெழுத்து

2025 ஜனவரி 30, வியாழன்

காந்தி நினைவு நாள். காலையில் கல்லூரி மைதானத்தில் தொழுநோய் ஒழிப்பு உறுதிமொழி எடுத்தோம். வருசா வருசம் நடப்பதுதான். கலைந்து போகும்போது மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் என் பின்னாலேயே வந்தாள். "மேடம், இந்தக் கிருமியை நம்ம லேப்ல வளர்த்துப் பார்க்க முடியுங்களா?"

முடியாது என்றேன். வசதி இல்லை என்று சொல்கிறேன் என நினைத்துக்கொண்டாள். அப்புறம் உட்கார வைத்து விளக்கினேன். 1873இல் கண்டுபிடித்த கிருமி. 150 வருசம் தாண்டியும் உலகத்தில் எந்த ஆய்வகத்திலும், எந்த வளர்ப்புத் தட்டிலும், எந்தச் சத்துக் குழம்பிலும் இது தனியாக வளர்ந்ததில்லை. உயிருள்ள உடம்பு வேண்டும் இதற்கு.

"அப்புறம் எப்படி மேடம் ஆராய்ச்சி பண்ணாங்க?"

பதினோரு வருசமாக நுண்ணுயிரியல் நடத்துகிறேன். இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளுக்கு நான்தான் பேச வேண்டும். தலைப்பு கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

குறிப்பு எடுக்க உட்கார்ந்ததும் ஒன்று கண்ணில் பட்டது. நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் என்கிற மருத்துவர் இந்தக் கிருமியை முதலில் பார்த்ததாகச் சொல்லப்படும் நாள் 1873 பிப்ரவரி 28. ராமன் விளைவுக்காக நாம் கொண்டாடும் அதே தேதி.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் பெரிய மருத்துவர்களே இதைப் பரம்பரை நோய் என்றுதான் நம்பினார்கள். ஹான்சனின் மாமனார் டேனியல்சன் அதில் முதல் ஆள். நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்ததைத் தன் உடம்பிலேயே குத்திப் பார்த்தவர் அவர். ஒன்றும் வரவில்லை. ஹான்சன் நோயாளிகளின் கட்டிகளில் குச்சி குச்சியாக ஏதோ இருப்பதைப் பார்த்துவிட்டு, இது வம்சத்தில் வருவதல்ல, தொற்றிக்கொள்வது என்று சொன்னார்.

மத்தியானம் இதை அம்மிச்சியிடம் (அம்மாவின் அம்மா) சொன்னேன். அவருக்கு 82 வயசு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வம்சத்துல இருக்குதுன்னுதான் கண்ணு எனக்கு ரெண்டு எடத்துல மாப்பிள்ளை தட்டிப்போச்சு" என்றார்.

அம்மிச்சிக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 3

விட்டு விட்டுத்தான் சொல்கிறார். "எங்கண்ணன் கெணத்துல மாடு கட்டிக் கவலை ஓட்டுனா ஊரே நின்னு பாக்கும். அப்பறம் கை மடங்கிப்போச்சு. தோட்டத்துக் கோடில ஒரு சாளை போட்டு அங்கத்த உட்டுட்டாங்க. ஒரு ஈய வட்டல், ஒரு சொம்பு. சோத்தை நாந்தான் கொண்டுபோயித் திண்ணைல வெச்சுட்டு வருவேன். அந்த நோவுக்குப் பூசுற நீரடிமுத்து எண்ணெய் வாசம் வேலி தாண்டி வரும்."

"வெரல்ல எலி கடிச்சுப்போட்டுப் போனாக்கூட விடிஞ்சாத்தான் தெரியும் அவருக்கு. ஆஸ்பத்திரிக்காரங்க யாரோ சொன்னாங்கன்னு அப்பறம் ஒரு பூனைய வளத்துனாரு."

இதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் கடைசியிலிருந்து தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை அறுவை செய்து நிமிர்த்தினார். விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் படும் காயம்தான் விரலைத் தின்கிறது என்று காட்டியவர் அவர். ராத்திரியில் எலி கடிப்பதைக் கண்டுபிடித்து, வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தனுப்பியவரும் அவர்தான். புத்தகத்தில் படித்த பூனை, எங்கள் தோட்டத்துச் சாளையிலும் ஒன்று இருந்திருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

பக்கத்துத் தோட்டத்தில் மஞ்சள் வேகவைத்தார்கள். பாய்லர் வண்டி விடியற்காலையிலேயே வந்துவிட்டது. வெந்த மஞ்சளின் வாசம் வீடு வரைக்கும் வந்தது. களத்தில் மஞ்சளைப் பரத்திக்கொண்டிருந்த ஓர் அக்கா டிரம் மூடியைக் கையால் ஒதுக்கியதைப் பார்த்தேன். ஆவி பறக்கும் மூடி. அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தால் சுண்டுவிரல் ஓரமெல்லாம் கொப்புளம். "சுடலைங்களா அக்கா?" "மரத்துக் கெடக்குதுங் டீச்சர், ரெண்டு வருசமா." முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த படை. சொரியவும் இல்லையாம், வலிக்கவும் இல்லையாம். படை என்று சொல்லி ஓரிடத்தில் ஒரு வருசமாகக் களிம்பு கொடுத்திருக்கிறார்கள். ஒரு பஞ்சை எடுத்து அந்த இடத்தில் தொட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்குக் கோபம் அடங்கவே இல்லை.

வேலியோரம் பருத்திக்காய் வெடித்துக் கிடந்தது. பஞ்சைக் கொஞ்சம் திரித்துக்கொண்டு, கண்ணை மூடச் சொல்லி, தொடும் இடத்தை விரலால் காட்டுங்கள் என்றேன். தோளில் காட்டினார். மணிக்கட்டில் காட்டினார். படையின் மேல் நாலு தடவை தொட்டேன். கண்ணை மூடியபடியே, "இன்னும் தொடலீங்களா டீச்சர்?" என்றார்.

நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னேன். (அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். ஊரும் பேரும் எழுத மாட்டேன்.)

பிப்ரவரி 12, புதன்

அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு என் விரலையும் அங்கே வைக்கச் சொன்னார். நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது.

காது மடலில் சதை எடுத்தார்கள். இந்தக் கிருமிக்கு உடம்பில் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். காது மடல், மூக்கு, கை கால் நுனி, தோலுக்கு அடியில் ஓடும் நரம்பு. லேப்காரர் மடலை இரண்டு விரலால் வெளுக்கும்வரை அழுத்திப் பிடித்து, ரத்தம் வராமல் பிளேடால் சின்னதாகக் கீறி, அந்தக் கீறலின் உள்சுவரைச் சுரண்டிக் கண்ணாடியில் தேய்த்தார். சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்கி, அமிலத்தில் கழுவி, நீலம் ஊற்றினார். காசநோய்க் கிருமிக்கு 25 சதவீதக் கந்தக அமிலம் வரைக்கும் போகலாம். இதற்கு 5 சதவீதம்தான். அதற்கு மேல் போனால் சாயத்தை விட்டுவிடும்.

"நான் பார்க்கலாங்களா?" என்று லேப்காரரிடம் கேட்க வாயெடுத்தேன். அப்புறம் திரும்பி அக்காவிடம் கேட்டேன். ஹான்சன் 1879இல் ஒரு பெண் நோயாளியிடம் கேட்காமலே, இன்னொருவரின் கட்டியில் தொட்ட ஊசியால் அவர் கண்ணில் குத்தினார். தொற்றும் என்று நிரூபிக்க வேண்டும் என்ற வெறி. அடுத்த வருசமே நீதிமன்றம் அவரை அந்த ஆஸ்பத்திரிப் பதவியிலிருந்து நீக்கியது. நீக்கியது சரிதான். எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பாளராக இருந்தாலும் சரிதான்.

"பாருங் டீச்சர், அதுக்கென்னங்" என்றார் அக்கா.

எண்ணெய்ச் சொட்டு வைத்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். நீலத் தரையில் செக்கச்செவேல் என்று குச்சிகள். ஒரு செல்லுக்குள் கட்டுக் கட்டாக, பீடிக்கட்டு அடுக்கின மாதிரி. பாடப்புத்தகத்தில் ஆயிரம் தடவை காட்டிய படம். ஆனால் இது நாற்காலியில் உட்கார்ந்து காதில் பஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் ஒருவரிடமிருந்து வந்தது. ரொம்ப நேரம் என்னால் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 14

மருந்து ஆரம்பித்தாயிற்று. மூன்று மருந்து, 12 மாத அட்டை. முதல் நாள் மருந்தை அவர்கள் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும். ஒன்றுக்குச் சிவப்பாகப் போகும், பயப்படக் கூடாது, தோல் கொஞ்ச மாதத்துக்குக் கறுக்கும் என்று எல்லாம் சொன்னார்கள். சில நாளிலேயே மற்றவர்களுக்குப் பரவுவது நின்றுவிடும். வீட்டில் இருக்கும் மகனுக்கும் மாமியாருக்கும் பரிசோதித்துவிட்டு, தடுப்பாக ரிஃபாம்பிசின் மருந்து ஒரே ஒரு வேளை. எல்லாம் இலவசம்.

பிப்ரவரி 20

உரை எழுதி எழுதி அடிக்கிறேன். மாணவியின் கேள்விக்குப் பதில் இதுதான்: உயிருள்ள உடம்புகளைத் தேடிப் போனார்கள்.

1960இல் அமெரிக்காவில் ஷெப்பர்டு என்பவர் எலியின் பாதத்தில் வளர்த்துக் காட்டினார். பாதம் குளிர்ச்சியான இடம். எந்த மருந்து கேட்கிறது என்று சோதிக்க அதற்குப் பிறகுதான் வழி பிறந்தது. 1971இல் கிர்க்கைமரும் எலினார் ஸ்டார்ஸும் அர்மடில்லோவில் வளர்த்தார்கள். நம்மூர் அழுங்கு மாதிரி ஓடு போர்த்த பிராணி, இனம் வேறு. அதன் உடம்புச் சூடே 32 முதல் 35 டிகிரிதான். ஒரு பிராணிக்குள் நோய் முற்ற ஒன்றரை, இரண்டு வருசம் காத்திருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு மெதுவு? குடலில் வாழும் ஈ.கோலை 20 நிமிசத்தில் இரண்டாகும். இது இரண்டாக 14 நாள் ஆகும். அமாவாசைக்கு ஒன்றாக இருந்தது பௌர்ணமிக்குத்தான் இரண்டு. அதனால்தான் தொற்றியதற்கும் படை தெரிவதற்கும் நடுவில் சராசரியாக ஐந்து வருசம், சிலருக்கு இருபது வருசம்கூட ஆகிறது. யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போவதும் வம்சப் பழி வந்ததும் இந்த மெதுவால்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்றைக்கு எழுதுவதைத்தான் உரையின் நடுவில் வைக்கப் போகிறேன்.

2001இல் இந்தக் கிருமியின் முழு மரபணு வரிசையும் வெளிவந்தது. ஸ்டூவர்ட் கோல் தலைமையில் பிரான்சின் பாஸ்டர் நிறுவனமும் இங்கிலாந்தின் சாங்கர் மையமும் செய்தது. சுமார் 32.7 லட்சம் எழுத்து. வேலை செய்யும் மரபணு 1,604. செத்துப் போன மரபணு 1,116! நெருங்கிய சொந்தமான காசநோய்க் கிருமிக்கு 4,000 மரபணு அளவுக்கு இருக்கிறது.

செத்த மரபணு என்றால் பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று யோசித்துக்கொண்டே கிணற்று மேட்டுக்குப் போனேன். கவலை இறைத்த கல்தூண்கள் இரண்டும் இன்னும் நிற்கின்றன. சால் இல்லை, வடம் இல்லை, மாடு இல்லை. மோட்டார் வந்ததும் அதற்கு வேலை போய்விட்டது. கல்லை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. கிருமிக்கும் அதேதான். மனுச செல்லுக்குள் குடிபுகுந்தபின் எல்லாம் அங்கேயே கிடைத்தது. தானாகச் சமைத்துப் பிழைக்கும் சாமான்கள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்தன. அதனால்தான் வெளியே வைத்தால் பிழைக்கத் தெரியவில்லை. நரம்பைச் சுற்றி வயர் உறை மாதிரி இருக்கும் ஷ்வான் செல்லுக்குள் புகுந்துகொள்கிறது. உறை போனால் நரம்பும் போகும், வலியும் போகும்.

அப்படி வரிசை பார்த்த அந்தக் கிருமிக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் பெயர் டி.என். தமிழ்நாடு. இங்கே யாரோ ஒரு நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்து, அர்மடில்லோவில் பெருக்கி, அதிலிருந்துதான் முழுதும் படித்தார்கள். உலகத்தில் எந்த நாட்டுக் கிருமியையும் இன்றைக்கு அதோடு வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். அந்த மனுசர் ஆணா பெண்ணா, எந்த ஊர், சாளையில் இருந்தாரா, வீட்டோடு இருந்தாரா, அவருக்கு யார் சோறு வைத்தார்கள் என்பதெல்லாம் அந்த இரண்டெழுத்தில் இல்லை. கிருமிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. கொடுத்தவருக்கு இல்லை. இதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

பேசினேன். கவலைத் தூண் சொன்னதும் பின்வரிசை பையன்கள்கூட நிமிர்ந்தார்கள். எல்லார் வீட்டுக் கிணற்று மேட்டிலும் அது இருக்கிறது. நீரடிமுத்து எண்ணெயைப் பற்றியும் சொன்னேன். ஹவாயில் ஆலிஸ் பால் என்கிற இளம்பெண்தான் அதை ஊசியில் போடும் மருந்தாக மாற்றினார். 1916இல், 24 வயசில் இறந்துபோனார். அவர் கண்டுபிடித்த முறைக்கு ரொம்ப நாள் அவர் கல்லூரித் தலைவர் பெயர்தான் இருந்தது. டி.என். பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் கம்மிவிட்டது. அந்த மாணவி கடைசியில் ஒன்றும் கேட்கவில்லை. கூடவே வந்து மைக்கை அணைத்துக் கொடுத்தாள்.

மார்ச் 2, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு வந்தார், மாத்திரை அட்டையைக் காட்ட. ஒருநாள்கூட விடவில்லை. அம்மிச்சி காபி கொண்டுவந்தார். எனக்கு டம்ளரில். அக்காவுக்குக் காகிதக் கப்பில், போன மாசம் சீருக்கு வாங்கி மிஞ்சியது. அக்கா சிரித்த முகமாகவே வாங்கிக் குடித்தார்.

ராத்திரி கேட்டேன். "மருந்து ஆரம்பிச்சாச்சு, இனி ஒட்டாதுன்னு சொன்னேனுங்களே அம்மிச்சி."

"தெரியுது கண்ணு. கை கேக்க மாட்டேங்குது."

மார்ச் 14

இரண்டாவது அட்டை. சுண்டுவிரல் கொப்புளம் ஆறிவிட்டது. உணர்ச்சி இன்னும் வரவில்லை. வரலாம், முழுசாக வராமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. அடுப்படிக்குத் துணிக்கையுறை வாங்கிக் கொடுத்தேன். தினமும் படுக்கும் முன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கண்தான் இனி வலி.

மார்ச் 23, ஞாயிறு

சாளை இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மிச்சியே கேட்டார். கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். கூரை எப்போதோ போய்விட்டது. திண்ணைக் கல் ஒன்று மட்டும் வேலாமரத்தடியில் கிடக்கிறது. அதில் உட்கார்ந்துகொண்டு அண்ணன் பேரைச் சொன்னார், இரண்டு தடவை. ஐம்பது வருசமாக அந்தப் பேரை இந்தத் தோட்டத்தில் யாரும் சொன்னதில்லையாம்.

என் நோட்டில், டி.என். குறிப்புகள் இருக்கும் அதே பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இங்கே எழுதவில்லை, அம்மிச்சி வேண்டாம் என்றார்.

அக்காவின் மூன்றாவது அட்டை ஏப்ரல் 11. அரை நாள் விடுப்பு சொல்லியாயிற்று.