போனில்தான் பேசுவோம் என்றால் எப்படி?

என் அத்தை மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. டேலி கணக்கு மென்பொருள் அத்துப்படி, ஜிஎஸ்டி கணக்கும் போடுவான். 'காது கேட்காது, வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ தொடர்புகொள்ளவும்' என்று வேலை விண்ணப்பத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறான். அப்படியும் போன்தான் வருகிறது. எடுக்காவிட்டால் ஆர்வமில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் எடுத்தால், "கேண்டிடேட்கிட்டதான் பேசணும் சார்" என்கிறார்கள். பேசுங்களேன்!

நேர்காணல் வரை போனாலும் சைகைமொழி பெயர்ப்பாளர் இருப்பதில்லை. மூன்று பேர் மாறி மாறிக் கேட்பார்கள், அதில் ஒருவர் மாஸ்க்கோடு. உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும், கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். கேள்வியை லேப்டாப்பில் தட்டிக் காட்டினாலே பாதிச் சிக்கல் தீரும். காசா, பணமா?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீடு. அதில் 1 சதவீதம் செவித்திறன் குறைந்தோருக்கு. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்கிறது அதே சட்டம். வெளியிட்ட இடங்களிலும், போன் போடும் எச்ஆர் அதைப் படித்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

நட்பு வட்டத்தில் எச்ஆர்கள் இருந்தால், விண்ணப்பத்தில் 'உங்களை எப்படித் தொடர்புகொள்வது?' என்று ஒரு கட்டம் சேருங்கள். அப்புறம், சென்னையில் அக்கவுண்ட்ஸ் வேலை ஏதாவது காலி இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.