செகண்ட் ஹேண்ட் மலை சைக்கிளும் நெருஞ்சி முள்ளும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பழைய மலை சைக்கிள் பார்க்கப் போனால், முதல் வேலையாக சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டின் போல்ட்டைத் தளர்த்தி, போஸ்ட்டைக் கீழே இறக்கிப் பாருங்கள். உப்புக்காற்றில் கிரீஸ் காணாமல் கிடந்த போஸ்ட் ஃபிரேமோடு பிடித்துப்போயிருக்கும். அசையவில்லையா, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பிடுங்கப் போய் ஃபிரேம் போய்விடும். இரண்டு பெடல் தண்டும் சுழலும் நடு அச்சுக்கு அடியில் ஃபிரேமில் உள்ள சீரியல் நம்பர் சுரண்டியிருந்தாலும் அப்படியே திரும்பிவிடுங்கள்.

முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்றால் ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்கான ஹெட்செட் தளர்ந்திருக்கலாம். அது ஐந்து நிமிட வேலை. இறுக்கிய பிறகும் ஆட்டம் நின்றபாடில்லை என்றால் முன் ஃபோர்க்குக்குள் குழாய்கள் வழுக்கி ஓடும் வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது, செலவு பெரிது. பின் ஷாக் உள்ள வண்டியா? சீட்டைப் பிடித்து லேசாகத் தூக்குங்கள். சக்கரம் எழும்பும் முன் சீட் மட்டும் கொஞ்சம் அசைந்தால் பேரிங்கையோ ஷாக் புஷ்ஷையோ மாற்ற வேண்டிவரும்.

செயினுக்கு ஒரு ஸ்கேல் போதும். லிங்க்குகளைக் கோக்கும் ஆணி ஒன்றிலிருந்து 12 முழு லிங்க் (உள் தட்டும் வெளித் தட்டும் சேர்ந்தால் ஒன்று) தள்ளி இருக்கும் ஆணி சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு என்றால் பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டும் சேர்ந்து போயிருக்கும். 12 ஸ்பீடு கேசட் விலை தெரிந்தவர்கள் இங்கேதான் பேரம் பேசுவார்கள்.

கையில் 15,000 ரேண்ட் இருந்தால் 10,000க்கு மேல் வண்டிக்குப் போடாதீர்கள். மிச்சத்தில் முதல் செலவு டயர். ஆஃப்ரிகான்ஸ்காரர்கள் 'டுவல்கி' என்பது வேறொன்றுமில்லை, நம் நெருஞ்சிதான். டியூப் போட்டு ஓட்டினால் ஒரு மத்தியானத்தில் நாலு பஞ்சர் சாதாரணம். டியூப் இல்லாமல், ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவத்தை டயருக்குள் ஊற்றி ஓட்டும் டியூப்லெஸ் தவிர வேறு வழியில்லை. ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்து, உள் அகலம் முழுக்கப் பிடிக்கிற டேப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுங்கள். சுருக்கம் விழுந்தால் ஸ்போக் ஓட்டை வழியாகக் காற்று கசியும். 29 அங்குல, 2.3 அகல டயருக்கு 100 முதல் 120 மில்லி சீலன்ட். டயர் ரிம் விளிம்பில் உட்கார மறுத்தால் வால்வின் உள் ஊசியான கோரைக் கழற்றிவிட்டுக் காற்று அடியுங்கள். 75 கிலோ ஆளுக்குக் காற்றழுத்தம் முன்னே 1.5 பார், பின்னே 1.7 பாரில் தொடங்கலாம். வெயில் காலத்தில் இரண்டு மூன்று மாதத்தில் சீலன்ட் காய்ந்துவிடும். சக்கரத்தைக் குலுக்கி 'சளசள' கேட்கிறதா என்று பாருங்கள்.

முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை தரைப்பக்கம் வருமாறு சக்கரத்தைத் திருப்பி வையுங்கள், சீலன்ட் அங்கே வந்து சேரும். அடைக்கவில்லை என்றால் ஓட்டையில் செருகும் ரப்பர் திரியான பிளக். டயரே கிழிந்தால்தான் டியூப். அதைப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி, சீலன்ட் அடைத்து வைத்திருக்கும் பழைய முட்களை ஒவ்வொன்றாக எடுங்கள். இதை மறந்தால் புது டியூப் நூறு மீட்டர்கூடத் தாங்காது.

பையில் பிளக், டியூப், பம்ப், செயின் உடைக்கும் கருவியோடு மல்டி டூல், அதே ஸ்பீடுக்கான இரண்டு செயின் லிங்க், பின் கியர் மாற்றியை ஃபிரேமோடு பிணைக்கும் சின்னத் துண்டான ஹேங்கர், அதுவும் அந்த ஃபிரேமுக்கே உரியது. ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறு, மலையடிவாரக் கடையில் கிடைக்குமென்று நம்ப வேண்டாம்.

டிராக்கன்ஸ்பெர்க் மலைக் கணவாயான சானி பாஸ் போகிறவர்கள் பிரேக் பேடைக் கழற்றிப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். உச்சி 2,876 மீட்டர். இறக்கம் முழுக்கப் பிரேக்கில்தான் கை. பேடில் 1 மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். அதில் வேறு பிரேக்குகளுக்கான டாட் (DOT) ஆயில் ஊற்றினால் சீல் ஊறிக் கெடும். கோடையில் டிராக்கன்ஸ்பெர்க்கில் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் சகஜம், விடியலில் ஏறிவிடுங்கள். உச்சியில் லெசோத்தோ, அது வேறு நாடு, பாஸ்போர்ட்டையும் பையில் போடுங்கள்.