காற்றைச் சொல்லித்தரும்போது மெழுகுவர்த்தி வேண்டாம்

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் காலி டம்ளரைக் காட்டி, "உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். 'காற்று எங்கும் நிறைந்துள்ளது' என்று நேற்றுதான் தேர்வில் எழுதிய பிள்ளையும் இதையே சொல்லும். ஃபேன் சுற்றினால் காற்று இருக்கிறது, நின்றால் இல்லை. அவ்வளவுதான் அதன் கணக்கு. இந்த நிலையில் நைட்ரஜன், ஆக்சிஜன் என்று பெயர்களை அடுக்கி என்ன பயன்? காற்று இடத்தை அடைக்கும், அதற்கு எடை உண்டு என்ற இரண்டும் முதலில் கண்ணில் பட வேண்டும்.

இடத்தை அடைக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடி டம்ளரும் பக்கெட் நிறையத் தண்ணீரும் போதும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், உள்ளே நடப்பது தெரியாது. காகிதத்தைக் கசக்கி டம்ளரின் அடியில் இறுக்கமாக அமுக்கிவிட்டு, தலைகீழாக, நேராக முக்குங்கள். காகிதம் நனையாது. வெளியே எடுத்ததும் விளிம்பைத் துடைத்துவிட்டு நிமிர்த்துங்கள். இல்லையென்றால் விளிம்பில் தங்கிய தண்ணீர் உள்ளே வழிந்து, "நனைஞ்சிடுச்சே!" என்று வகுப்பே கத்தும்.

கூர்மையான பிள்ளை ஒன்று, தண்ணீர் கொஞ்சம் உள்ளே ஏறியதைக் கவனித்துவிடும். அதை மழுப்ப வேண்டாம். 20 செ.மீ. ஆழத்தில் தண்ணீர் அழுத்துவதால் காற்று சுமார் 2 சதவீதம் சுருங்குகிறது. 10 செ.மீ. உயர டம்ளரில் அது 2 மி.மீ. அடுத்து, தண்ணீர் நிரம்பிய இன்னொரு டம்ளரை நீருக்குள்ளேயே கவிழ்த்துப் பிடித்து, முதல் டம்ளரை அதன் கீழே கொண்டுபோய்ச் சாயுங்கள். குமிழியாக எழும் காற்று மேல் டம்ளருக்குப் போய்ச் சேரும். காற்றையே ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு 'ஊற்றுவதை'ப் பார்த்தபின் எந்தப் பிள்ளையும் அதை ஒன்றுமில்லை என்று சொல்லாது.

எடைக்குப் பெரும்பாலும் குச்சியின் இரு முனையிலும் பலூன் கட்டி ஒன்றை உடைத்துக் காட்டுவார்கள். இது பாதி நேரம் சரியாக வராது. பலூனுக்குள் 12 கிராம் காற்று இருந்தாலும், சுற்றியுள்ள காற்று அதே அளவுக்கு அதைத் தூக்கிப் பிடிக்கிறது. உள்ளே கூடுதலாக அமுங்கியிருக்கும் காற்றின் எடை மட்டுமே தராசில் தெரியும். அது அரை கிராம்கூடத் தேறாது. உடைந்த ரப்பர் துண்டு ஒன்று பறந்துபோனால் அந்தக் கணக்கும் போச்சு.

கால்பந்துதான் சரியான கருவி. உருண்டை வடிவம் வரும்வரை காற்றடித்து, இன்னும் தொளதொளவென்று இருக்கும்போதே, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசில் எடை பாருங்கள். பந்து உருளாமல் இருக்க ஒரு வளையல்மேல் வைக்கலாம். பிறகு பம்பால் கல் மாதிரி ஆகும்வரை அடித்து மறுபடி வையுங்கள். 4 அல்லது 5 கிராம் கூடியிருக்கும். சப்பையாக மடிந்து கிடக்கும் பந்திலிருந்து தொடங்கினால் பலூன் சிக்கலே இங்கும் வரும்.

கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகளுக்கு இன்னொன்று. நம்மூர் வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.15 கிலோ. 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வகுப்பறையில் 108 கன மீட்டர். பெருக்கினால் 124 கிலோ! வாத்தியாரைவிடக் கனம்.

இனி காற்றுக்குள் என்ன இருக்கிறது என்ற பேச்சு. ஈரமில்லாத காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு ஆக்சிஜன். மீதி ஒரு பங்கில் பெரும்பகுதி ஆர்கான் என்ற வாயு. கார்பன் டை ஆக்சைடு பத்தாயிரத்தில் 4 பங்குதான். நாம் வெளியே விடும் மூச்சு முழுக்கக் கார்பன் டை ஆக்சைடு என்று பெரியவர்களே நினைக்கிறார்கள். அதில் இருப்பது சுமார் 4 சதவீதம்; ஆக்சிஜன் 16 சதவீதம் அப்படியே வெளியே வருகிறது.

இங்கேதான் அந்த மெழுகுவர்த்தி வந்து குழப்புகிறது. தட்டில் தண்ணீர், நடுவே எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் ஏறுகிறது. "பார், ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது" என்று விளக்கம். தவறு. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடும். எரிந்த ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் வந்து சேர்கிறது. தண்ணீரை ஏற்றுவது பெரும்பாலும் சூடுதான்: டம்ளரைக் கவிழ்க்கும்போது உள்ளே காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறுகிறது, அணைந்தபின் மிச்சம் குளிர்ந்து சுருங்குகிறது. சந்தேகம் இருந்தால் மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பாருங்கள். அதே டம்ளர், அதே காற்று, தண்ணீர் மட்டும் இன்னும் மேலே ஏறும்.

ஐந்தில் ஒரு பங்கை நேர்மையாகக் காட்ட வேண்டுமென்றால் இரும்பைத் துருப்பிடிக்க விடுங்கள். பெயின்ட் கடையில் மரம் தேய்க்க விற்கும் மெல்லிய ஸ்டீல் வூல் (இரும்பு இழைப் பஞ்சு) வாங்குங்கள். பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான கம்பி நார் துருப்பிடிக்காது, அதனால் உதவாது. ஸ்டீல் வூலை வினிகரில் இரண்டு நிமிடம் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, உதறிப் பிரித்து, சோதனைக் குழாயின் அடியில் திணித்துத் தண்ணீரில் கவிழ்த்து நிறுத்துங்கள். சரியாகப் பிழியாவிட்டால் மிச்ச வினிகர் இரும்போடு சேர்ந்து ஹைட்ரஜனை உண்டாக்கி அளவைக் கெடுக்கும். மறுநாள் பார்த்தால் தண்ணீர் குழாயின் ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறி நிற்கும். மேலும் இரண்டு நாள் விட்டாலும் பெரிதாக நகராது. மிச்சம் இருப்பதில் கிட்டத்தட்ட எல்லாமே நைட்ரஜன்.

நீராவியை மறந்துவிடக் கூடாது. அதைப் பார்க்க ஐஸ் போட்ட டம்ளரை மூடி, வெளிப்புறம் துடைத்து, தராசில் வையுங்கள். அரை மணி நேரத்தில் பக்கமெல்லாம் வியர்த்து, எடை ஓரிரண்டு கிராம் கூடும். உள்ளேயிருந்து கசிந்த தண்ணீராக இருந்தால் எடை கூடாதே என்று பிள்ளைகளையே யோசிக்க விடுங்கள். ஏசி அறையில் இதைச் செய்ய வேண்டாம். அங்கே காற்றின் ஈரத்தை ஏசி ஏற்கெனவே பிழிந்து குழாய் வழியே வெளியே சொட்டவிட்டிருக்கும்.