மெடிக்கலுக்குப் போகுமுன் காதைக் காட்டிவிட்டுப் போங்கள்

படையில் சேரப் போனபோது மெடிக்கலில், அதுதான் உடல் பரிசோதனையில், முதல் தடவை என்னைத் திருப்பி அனுப்பியது காது அழுக்கு. சிரிக்க வேண்டாம். ஓட்டம், புஷ்-அப், நேர்முகம் எல்லாம் தாண்டி, உயரம் சரி, எடை சரி, கண்ணும் சரி என்று வந்து, கடைசியில் டொக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. செவிப்பறையே தெரியவில்லை, சுத்தம் செய்துகொண்டு வா என்று சொல்லி ஃபோமில் ஒரு வரி எழுதிவிட்டார். ஹட்டனில் இருந்து இரவு பஸ் ஏறி, அம்மா கைமாற்று வாங்கித் தந்த காசில் போனவன், அதே காசின் மிச்சத்தில் திரும்பி வந்தேன். இத்தனைக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி, நாங்கள் இருக்கிற லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) இருந்து பத்து நிமிட நடை. ஒரு நாள் போய்க் காட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

இப்போது எங்கள் டிவிஷனில் இரண்டு தம்பிமார், பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தங்கச்சி, ஆளுக்கொரு நாள் போன் எடுத்து, மெடிக்கலில் என்ன பார்ப்பார்கள் என்று ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். உயரம், நெஞ்சு அளவு, கண் பார்வை எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று ஒவ்வொன்றுக்கும், அதற்குள்ளும் வேலைக்கு வேலை மாறும். வர்த்தமானியிலோ பேப்பரிலோ உங்களை அழைத்த அந்த விளம்பரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. எந்த அண்ணன் சொன்ன அளவையும் நம்ப வேண்டாம், நான் சொன்னாலும்தான்.

அன்றைக்கு நடப்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நம்பர் தருவார்கள், கட்டைக் காற்சட்டையோடு வரிசையில் நிற்க வேண்டும், நிறைய நேரம் சும்மா இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் தடுமாறுகிற இடம் மொழி. நான் போனபோது உத்தரவெல்லாம் சிங்களத்தில்தான் வந்தது, வேகமாக வந்தது. "ஹுஸ்ம கன்ன" என்றால் மூச்சை இழு, "கஹின்ன" என்றால் இருமு, "கட்ட அரின்ன" வாயைத் திற, "நெமென்ன" குனி, "ஹெரென்ன" திரும்பு. டவுனில் வேலை செய்கிறவர்களுக்கு இது சாதாரணம், தோட்டப் பாடசாலையை விட்டு நேரே வருகிறவனுக்கு அப்படி இல்லை. எனக்கு முன்னால் நின்ற பையன், இருமச் சொன்னபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். புரியவில்லை என்றால் "சேர், விளங்கவில்லை" என்று சொல்லுங்கள், யாரும் கடிக்க மாட்டார்கள்.

எடை விஷயத்தில் ஆளாளுக்கு ஒரு தந்திரம் சொல்வார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம் தின்று ஒரு போத்தல் தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்பது பழையது. அந்தத் தண்ணீர் நிறையக் குடித்தவன் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு பிரஷர் பார்க்க நிற்பான், நிறைந்த மூத்திரப்பை பிரஷரை ஏற்றிவிடும், ஒன்றைச் சரி செய்யப் போய் இன்னொன்று கெடும். கிலோவில் எடையை எடுத்து, மீட்டரில் உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, அதால் வகுத்துப் பாருங்கள். 18.5க்கும் 25க்கும் இடையில் வருவது ஆரோக்கியமான எடை. 165 சென்ரிமீட்டர் உயரமும் 50 கிலோவும் என்றால் 18.4, மயிரிழையில் கீழே. 51 கிலோ என்றால் மேலே வந்துவிடும். ஒரு கிலோவை இரண்டு மாதத்தில் சோறு, பருப்பு, முட்டை என்று சாப்பிட்டு ஏற்றலாம், ஒரு இரவில் முடியாது.

பிரஷரைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல உடம்புக்காரர்களும் மாட்டுகிற இடம் இது. இரவு முழுக்க பஸ்ஸில் வளைவுக்கு வளைவு தலை ஆடிக்கொண்டு வந்து, விடிய இரண்டு பிளேன்டி (பால் இல்லாத தேத்தண்ணி) அடித்து, படியேறி ஓடிப்போய் நின்றால் யாருக்கும் ஏறும். எனக்கு முதலில் 148க்கு 92 காட்டியது. இருபது வயதில்! அந்த மெடிக்கல் தாதி நல்ல மனிதர், போய் உட்கார், யாரோடும் பேசாதே என்றார். அரை மணி நேரம் கழித்து 126க்கு 80. ஆகவே முடிந்தால் முதல் நாளே போய் சொந்தக்காரர் வீட்டில் படுங்கள். அளப்பதற்கு முன் அரை மணி நேரத்துக்குத் தேத்தண்ணியும் சிகரட்டும் வேண்டாம், மூத்திரம் போய்விட்டு வாருங்கள், முதுகைச் சாய்த்து, காலைப் பின்னாமல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள், கையை மேசையில் வையுங்கள். ஊரிலேயே இரண்டு மூன்று நாள் பார்த்து எப்போதும் 140க்கு 90க்கு மேல் என்றால் அது பயம் இல்லை, வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம்.

அடுத்தது இரத்தம். இது எங்கள் மலைக்கே உரிய வியாதி என்று சொன்னாலும் தப்பில்லை. எங்கள் சித்தி மகள் போனபோது ஹீமோகுளோபின் 10.4 என்று வந்தது. பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13க்குக் கீழே போனால் இரத்தசோகை. அவளுக்கு ஒரு நோயும் இல்லை, காலையில் ரொட்டியும் சம்பலும், கூடவே கோப்பை நிறையத் தேத்தண்ணி, மத்தியானமும் சாப்பாட்டோடு தேத்தண்ணி. தேயிலைச் சாயம் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. நாடெல்லாம் குடிக்கிற தேயிலையைப் பறித்துக் கொடுக்கிற எங்களுக்கே இந்தக் கதி. குடிப்பதை விடச் சொல்லவில்லை, அதை யாரும் கேட்கவும் மாட்டார்கள், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரை, நெத்தலிக் கருவாடு, ஈரல், கூட ஒரு தேசிக்காயோ கொய்யாவோ. குறைவு என்று தெரிந்தால் கிளினிக்கில் இரும்பு மாத்திரையும் வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும் தருவார்கள். அவள் மூன்று மாதம் விடாமல் போட்டு 12.3க்கு வந்தாள். மூன்று மாதம் என்பதைக் கவனியுங்கள், அழைப்புக் கடிதம் வந்தபிறகு தொடங்கினால் நேரம் போதாது. மூத்திரப் பரிசோதனையில் சீனியும் புரதமும் பார்ப்பார்கள். முதல் நாள் கண்மண் தெரியாமல் ஓடினால் புரதம் தெரியலாம், அன்றைக்கு ஓய்வாக இருங்கள். மாதவிடாய் நாளாக இருந்தால் தங்கச்சிமார் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

கண்ணுக்கு இரண்டு சோதனை. ஆறு மீட்டர் தூரத்தில் எழுத்துப் பலகை. 6/12 என்றால் சாதாரணக் கண் பன்னிரண்டு மீட்டரில் இருந்து வாசிப்பதை நீங்கள் ஆறு மீட்டருக்கு வந்தால்தான் வாசிக்கிறீர்கள் என்று அர்த்தம். மற்றது புள்ளிப் புள்ளியாக நிறம் போட்ட அட்டைப் புத்தகம், ஜப்பானியர் இஷிஹாரா 1917இல் வெளியிட்டது, இன்றைக்கும் அதுதான். முதல் அட்டையில் இருக்கும் 12ஐ எல்லோரும் வாசிப்பார்கள், அதற்குப் பிறகுதான் விஷயம். என் கூட்டாளி ஒருவன் தோட்டத்தில் பழுத்த மிளகாய் பறிக்கச் சொன்னால் தடவித் தடவிப் பறிப்பான், நாங்கள் சோம்பேறி என்று திட்டினோம். அட்டையில் மாட்டியபிறகுதான் அவனுக்கே தெரிந்தது, சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரியாது. இது அம்மா வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது, தாய்மாமனுக்கு இருந்தால் உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை, கண்ணாடி, நாட்டு மருந்து எதாலும் மாறாது. அட்டையின் விடைகளைப் பாடமாக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு, வேண்டாம். கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரவில் அதைப் பிரித்துப் பார்க்க முடியாதவன் கடலில் தன்னையும் கொல்வான், கூட இருப்பவனையும் கொல்வான்.

கால் பாதத்தை வீட்டிலேயே பார்க்கலாம். பாதத்தை நனைத்து, காய்ந்த சீமெந்துத் தரையில் மிதியுங்கள். உள்பக்கம் வளைந்து வெட்டியது போல் ஈரம் பட்டால் சரி, முழுப் பாதமும் பலகை போல் பட்டால் தட்டைப் பாதம். அப்படியானால் நுனிக்காலில் நின்று பாருங்கள், வளைவு எழும்பினால் பெரிய பயம் இல்லை, எழும்பாவிட்டால் டொக்டரிடம் காட்டுங்கள். முழங்கால் இரண்டும் முட்டும்போது கணுக்கால்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதையும், கெண்டைக்காலில் இரத்த நாளம் சுருண்டு புடைத்திருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். அட்டை கடித்த தழும்புக்காக யாரையும் கழிக்க மாட்டார்கள், ஆனால் அதைச் சொறிந்து புண்ணாக்கி சீழோடு போய் நிற்காதீர்கள்.

அப்புறம், எல்லோரும் கேட்கத் தயங்குகிற விஷயம். ஆம், முழு உடுப்பையும் கழற்றச் சொல்வார்கள். குடல் இறக்கம், விதை இரண்டும் கீழே இறங்கியிருக்கிறதா, வீக்கம் உண்டா என்று பார்ப்பார்கள், இருமச் சொல்வது அதற்குத்தான். ஒரு நிமிட வேலை. அன்றைக்கு நூறு பேரைப் பார்க்கிறவருக்கு நீங்கள் ஒரு நம்பர். பெண்பிள்ளைகள் பக்கத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கலாம், அது உங்கள் உரிமை.

பல்லில் ஓட்டை இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் அடைத்துக்கொள்ளுங்கள், வெற்றிலைக் கறையும் எடுக்கலாம். காதுக்கு நான் செய்தது, நாலைந்து நாள் ஒலிவ் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஊறவைத்து, பிறகு ஆஸ்பத்திரியில் தண்ணீர் அடித்துக் கழுவியதுதான். காதில் சீழ் வடிந்தவர்கள் எண்ணெய் விடக்கூடாது, நேரே டொக்டரிடம் போங்கள். நெருப்புக்குச்சியும் பஞ்சுக்குச்சியும் போட்டுக் குடைவதால்தான் அழுக்கு உள்ளே போய் இறுகுகிறது, என் கதையே அதுதான்.

பழைய நோயை மறைக்காதீர்கள். காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து எடுத்து முடித்தவர் அந்தக் கார்டைக் கையில் கொண்டு போவது நல்லது, எக்ஸ்ரேயில் தழும்பு தெரியத்தான் போகிறது, அப்போது கார்டு இருந்தால் பேச்சு வேறு. பனிக்காலத்தில் இழுப்பு வந்து பம்ப் அடிக்கிறவர் அதையும் எழுதுங்கள். எழுதாமல் உள்ளே போய், பயிற்சியில் மூச்சு முட்டி விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

கடிதாசி வேலை ஒன்று. எங்கள் ஆட்களின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, அப்பாவின் பெயர் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். மெடிக்கல் ஃபோமிலும் அது மூன்றாவது விதமாக ஏறிவிடும். அடையாள அட்டையில் உள்ளபடி ஒரு துண்டில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பையில் வைத்து, எழுதுகிறவரிடம் நீட்டிவிடுங்கள்.

இரண்டாம் தடவை நான் போனபோது அதே டொக்டர்தான் இருந்தார். என்னை ஞாபகம் இல்லை அவருக்கு. காதுக்குள் லைட் அடித்தார், இரண்டு செக்கன், "ஹரி, ஈளங்க" என்றார். அடுத்தவனைக் கூப்பிடுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.