வடிகான்களில் இருந்து தொடங்குங்கள்

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த உள்ளூராட்சி சபைகள், 2025 மே 6 அன்று நடந்த தேர்தலுக்குப் பிறகே மீண்டும் கூடின என்பதால், மட்டக்களப்பு மாநகர சபையின் புதிய உறுப்பினர்கள் முன் வேலைகள் மலையெனக் குவிந்துள்ளன. என்னைக் கேட்டால் வடிகான்களையே முதலில் வைப்பேன்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே தாழ்ந்து கிடக்கும் நமது நகரத்தில், வடகீழ்ப் பருவமழை கொட்டும் மாதங்களில் வாவியின் நீர்மட்டம் உயர்ந்தால், முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடும் வரைக்கும் ஒழுங்கைகளில் வெள்ளம் வடியாமல் நிற்பதை நாம் அறிவோம். முகத்துவாரத்தைத் திறப்பது ஒரு வட்டார உறுப்பினரின் கையில் இல்லை. ஆனால் தன் வட்டாரத்து வடிகான்கள் புரட்டாதிக்குள் தூர்வாரப்பட்டனவா என்று நடந்து பார்ப்பதும், வடிகானை மறித்துக் கட்டிய மதில்களைப் பற்றிச் சபையில் பேசுவதும் அவருடைய கடமை. அதனால் அயலவரின் வாக்கையே அவர் இழக்க நேரலாம். அதற்குத் துணிந்தவரையே நான் மதிப்பேன்.

குப்பையும் இதோடு சேர்ந்ததுதான். வடிகானை அடைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பைகளே. வளவுகளில் கிடக்கும் குரும்பைக் கோம்பையிலும் யோகட் கோப்பையிலும் தேங்கும் மழைநீரில் டெங்கு நுளம்பு பெருகுகிறது. உக்கும் குப்பையைப் பிரித்து வைக்கச் சொல்லும் சபை, அதனைப் பிரித்தபடியே ஏற்றிச் செல்லவும் வேண்டும்.

மாலை வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகளுக்காகத் தெருவிளக்குகளும் அவசியம். இவற்றுள் எதற்கு எவ்வளவு என்பதை, அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் சபைக்கு வருமுன், உறுப்பினர்கள் தத்தமது வட்டாரத்து மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும்.