விளக்கை உடனே போடாதீர்கள்

படம் முடிகிறது. மாட்டுவண்டி நகர்ந்து, திரை இருள்கிறது. அடுத்த நொடியே ஒருவர் சுவிட்ச் போர்டுக்கு ஓடி எல்லா டியூப் லைட்டையும் ஒரே தட்டில் போடுகிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் செல்போனை எடுத்துக் குனிந்துகொள்கிறார்கள். மைக் பிடித்தவர் "படம் எப்படி இருந்துச்சு? யாராவது பேசலாமே" என்கிறார். பதில் வராது. வந்தால் "நல்லா இருந்துச்சு சார்" என்று வரும். பிறகு நன்றியுரை, நாற்காலி இழுபடும் சத்தம். நூலக மாடியிலும் கல்லூரி அரங்கிலும் பல திரையிடல்கள் இந்த இரண்டு நிமிடத்தில்தான் செத்துப்போகின்றன. மனதைப் பிசைந்த படத்துக்கு உடனே கருத்துச் சொல்ல யாருக்கும் வராது. "நல்லா இருந்துச்சு" என்பது, ஆளை விட்டால் போதும் என்று சொல்வதன் மரியாதையான வடிவம்.

சத்யஜித் ரேயின் வங்காளப் படமான 'பதேர் பாஞ்சாலி'யையே (1955) எடுத்துக்கொள்வோம். இந்தப் படத்தில் பார்வையாளர் உடைகிற இடமும் யோசிக்கத் தொடங்குகிற இடமும் தனித்தனியாக இருக்கின்றன.

உடைகிற இடம் எல்லோருக்கும் தெரியும். பிழைப்புக்காக வெளியூர் போன ஹரிஹர், மகள் துர்கா இறந்தது தெரியாமல் வீடு திரும்புகிறார். வாங்கி வந்ததையெல்லாம் மனைவி சர்பஜயாவிடம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார்: சப்பாத்திப் பலகையும் கட்டையும், லட்சுமி படம், கடைசியில் துர்காவுக்கு ஒரு புடவை. நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பொருளாக வெளியே வரவர, பார்ப்பவர்களுக்கு மூச்சு முட்டுகிறது. புடவையை வாங்கிய சர்பஜயாவின் வாய் கதறலாகத் திறக்கிறது, ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் ரவிசங்கரின் இசையில், வில்லால் இழைத்து வாசிக்கும் தந்திக் கருவியான தார் ஷெனாய் உச்சத்தில் வீறிடுகிறது.

திரையிடுபவர்கள் கோட்டைவிடுவதும் இங்கேதான். அந்த ஒலி மிகவும் உயர்ந்த சுருதி. கூட்டத்துக்குப் பேசுவதற்காக வாங்கிய மலிவான ஸ்பீக்கரில், வசனம் கேட்கட்டும் என்று ஏற்றிவைத்த ஒலியளவில் அது தகரத்தைக் கீறுவதுபோல வரும். காதைப் பொத்துவார்கள், பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பும், காட்சி போச்சு. அரங்கு காலியாக இருக்கும்போதே அந்த இரண்டு நிமிடத்தை ஓட்டிப் பார்த்து ட்ரெபிளை (கீச்சென்ற உயர் ஒலியை) குறையுங்கள். ஒலியளவையும் இந்தக் காட்சிக்குத் தக்கபடி வையுங்கள், முதல் காட்சியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சப்டைட்டிலையும் கடைசி அரைமணி நேரத்தில்தான் சோதிக்க வேண்டும். நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) ஓடும் படத்துக்கு 25 சட்டகப் பிரதிக்காகச் செய்த சப்டைட்டிலைப் போட்டால், தொடக்கத்தில் பொருந்துவதுபோலத் தெரியும். இரண்டு மணி நேரம் ஆவதற்குள் ஏறக்குறைய ஐந்து நிமிடம் முந்திப் போயிருக்கும். ஹரிஹர் வாசலுக்கு வரும் முன்பே சோகம் எழுத்தில் ஓடி முடிந்திருக்கும். பிளேயரில் முன்னே பின்னே தள்ளிச் சரிசெய்ய முடியாது, சப்டைட்டில் கோப்பையே (ஃபைலையே) மாற்ற வேண்டும். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். புரியாத குறிகளாக வந்தால் அந்த ஃபைலை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் சேமித்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

யோசிக்க வைக்கிற இடம் அதற்குப் பிறகு வருகிறது. முன்பொரு காட்சியில் பக்கத்து வீட்டுக்காரி துர்காமேல் பாசிமாலைத் திருட்டைச் சுமத்துகிறாள். துர்கா மறுக்கிறாள், மாலையும் கிடைக்கவில்லை. அம்மா அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளுகிறாள். அப்போதே நாம் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்: பாவம், பழி போடுகிறார்கள். கடைசியில் ஊரைவிட்டுக் கிளம்ப மூட்டை கட்டும்போது, தம்பி அப்பு பரண்மேல் இருக்கும் கொட்டாங்கச்சியை எடுக்கிறான். உள்ளே அந்த மாலை. யாரிடமும் காட்டாமல் ஓடிப்போய்க் குளத்தில் எறிகிறான். பாசி விலகி வட்டமாகத் தண்ணீர் தெரிகிறது, பிறகு மெல்ல மூடிக்கொள்கிறது.

இங்கே அழுகை குறைவு. அதற்குப் பதில் ஓர் அசைவு இருக்கும்: சாய்ந்திருந்தவர் நிமிர்வார், ஒருவர் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்ப்பார். பேச்சு பிறக்கப் போவது இந்த அசைவில்தான். அழுகைச் சத்தத்தை வைத்துத் திரையிடல் வெற்றி என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

படம் முடிந்ததும் இரண்டு நிமிடம் இருட்டு இருக்கட்டும். பிறகு பின்பக்கம் ஒரே ஒரு மஞ்சள் பல்பு. டீயை அரங்குக்கு உள்ளேயே, பின்சுவர் ஓரமாக வையுங்கள். வாசலில் வைத்தால் குடித்துவிட்டு வண்டியை எடுத்துவிடுவார்கள். பத்து நிமிடம் இரண்டிரண்டு பேராகப் பேசட்டும், தொந்தரவு செய்யாதீர்கள். பிறகு நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். இருபத்தைந்து பேர்வரை மைக் வேண்டாம். மைக் கைக்கு வந்தால் நம் ஆட்களுக்கு மேடைப்பேச்சு வந்துவிடும். கூட்டம் அதைவிடப் பெரிதென்றால் இரண்டு வட்டம்.

முதல் கேள்வி கருத்துக் கேட்பதாக இருக்கக்கூடாது. "கண்ணை மூடினா எந்தக் காட்சி வருது?" என்று கேளுங்கள். இதற்குத் தவறான பதில் கிடையாது, அதனால் கூச்சப்படுகிறவரும் சொல்வார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் இருபது எண்ணுங்கள். பத்தில் பொறுமை இழந்து நீங்களே பதில் சொல்லத் தொடங்கினால், அன்றைக்கு முழுவதும் நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும்.

"எங்க பாட்டியும் இப்படித்தான், கடைசி காலத்துல..." என்று ஒருவர், படத்தில் ஹரிஹரின் வீட்டில் இருக்கும் முதிய உறவினரான இந்திர் பாட்டியிலிருந்து தன் வீட்டுக்குள் போய்விடுவார். போகட்டும், அது உண்மையான எதிர்வினை. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் "படத்துல எந்த இடத்துல பாட்டி ஞாபகம் வந்தாங்க?" என்று கேட்டுத் திரும்பக் கூட்டிவாருங்கள். லென்ஸ், நியோரியலிசம் என்று வகுப்பெடுப்பவரைக் கடைசிச் சுற்றுக்கு வைப்பது நல்லது. படத்தின் நடுவே மாணவர்கள் பாட்டியின் பொக்கை வாயைப் பார்த்துச் சிரித்தால் "உஷ்" போடாதீர்கள். அது சங்கடச் சிரிப்பாகவும் இருக்கும். மூங்கில் புதரில் பாட்டி சரியும்போது அரங்கு என்ன செய்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: மாலையை அப்பு ஏன் அம்மாவிடம் காட்டவில்லை? அக்காவைக் காப்பாற்ற என்பார்கள். அம்மாவைக் காப்பாற்ற என்று இன்னொருவர் சொல்வார். அடித்தது நியாயம் என்று அம்மா நினைத்துவிடக்கூடாது என்பதற்காகவா, அநியாயம் என்றே நம்பி வருந்தட்டும் என்றா என்று வாக்குவாதம் போகும். நடத்துபவர் தன் விடையைச் சொல்லவே கூடாது.

ஒரு விஷயத்தில் சினிமா நண்பர்களோடு சண்டை வரும். 'இந்தப் படத்தில் ஒரு குழந்தையின் மரணம் உண்டு' என்று அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள். கதையை உடைக்கிறீர்கள் என்பார்கள். உடைந்தால் உடையட்டும். அண்மையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர், தெரியாமல் வந்து இருட்டில் மாட்டிக்கொள்வது அதைவிட மோசம். அப்படியும் யாராவது தாளாமல் அழுதால், பக்கத்தில் உட்கார்ந்து காரணம் கேட்க வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பேசாதவர்களுக்குப் பெயர் எழுதத் தேவையில்லாத துண்டுச்சீட்டு கொடுங்கள், ஒரு வரி போதும். ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப் குழுவில் "இன்னும் எது நினைவிருக்கு?" என்று கேட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். புடவை என்று எழுதியவர் குளம் என்று சொன்னால் வியக்க வேண்டாம்.

நேரக் கணக்கு: படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 5.30க்குத் தொடங்கினால் 7.40க்கு முடியும், டீயோடு எட்டு, பேச்சு 8.45வரை. அரங்குக்காரர் ஒன்பதுக்குச் சாவி கேட்பார். வாசலில் நான்கு பேர் வண்டியில் சாய்ந்தபடி மாலையைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருந்தால், நாற்காலி அடுக்க அவர்களைக் கூப்பிடாதீர்கள்.